வரி வசூலிக்க முடியாத அரசும் 1787-ல் எழுதப்பட்ட சட்டமும்

1783 ஜூன் மாதம், சம்பளப் பாக்கியைக் கேட்டு நூற்றுக்கணக்கான ராணுவ வீரர்கள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், நாட்டின் மத்திய மன்றமான காங்கிரஸ் கூடியிருந்த கட்டடத்தைத் துப்பாக்கியோடு சூழ்ந்துகொண்டார்கள். கொடுப்பதற்குக் கஜானாவில் பணம் இல்லை. காவலுக்குப் படை அனுப்பும்படி பென்சில்வேனியா மாநில அரசைக் கேட்டும் உதவி வரவில்லை. பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற ஒரு நாட்டின் மத்திய அரசு, தன் சொந்தப் படைக்குப் பயந்து பிரின்ஸ்டனுக்கு இடம் மாறியது.

அமெரிக்க அரசியலமைப்பைப் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் அதன் லட்சிய வாசகங்களில் தொடங்குவார்கள். எங்கள் பார்வையில் தொடங்க வேண்டிய இடம் இந்தக் காலிக் கஜானாதான். 1787-ல் எழுதப்பட்ட விதிகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பட்டறிந்த ஏதோ ஒரு கோளாறுக்குப் பதிலாக வந்தவை. எந்தக் கோளாறு என்று தெரிந்துவிட்டால் விதியின் பொருளும் தெளிவாகிவிடும்.

எது சட்டம், எது சட்டம் அல்ல

வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மூன்று தோல்தாள் ஆவணங்கள் ஒரே கூடத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன: 1776-ன் சுதந்திரப் பிரகடனம், 1787-ன் அரசியலமைப்புச் சட்டம், குடிமக்களின் உரிமைகளைச் சொல்லும் திருத்தங்கள் அடங்கிய 1789-ன் உரிமைகள் மசோதா. ஒரே இடத்தில் இருப்பதால் மூன்றுக்கும் ஒரே சட்டத் தகுதி உண்டு என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. பிரகடனத்தை நீதிமன்றத்தில் நீட்டி யாரும் உரிமை கோர முடியாது. எல்லா மனிதர்களும் சமமாகவே படைக்கப்பட்டிருக்கிறார்கள் என்ற புகழ்பெற்ற வரி இருப்பது பிரகடனத்தில். அரசியலமைப்பில் அது கிடையாது. சட்டத்தின் முன் சமப் பாதுகாப்பு என்பது அரசியலமைப்புக்குள் வந்தது 1868-ல், 14-வது திருத்தத்தின் வழியாக.

தேதிகளிலும் குழப்பம் உண்டு. பிரிட்டனிடமிருந்து பிரிவதென்று காங்கிரஸ் வாக்களித்தது ஜூலை 2. ஜெபர்சன் எழுதிய வரைவைத் திருத்தி ஏற்றுக்கொண்டது ஜூலை 4. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் எழுதியிருந்த பத்தி அந்தத் திருத்தத்தில் வெட்டப்பட்டது. ஜூலை 2 அன்று வாக்களிக்காமல் இருந்த நியூயார்க், 9-ஆம் தேதிதான் ஒப்புதல் தந்தது. மொத்தம் 56 பேர் கையெழுத்திட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2-ல்.

பிரகடனத்தின் நடுப்பகுதியில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மீதான புகார்கள் வரிசையாக வருகின்றன. பலரும் தாண்டிப்போகும் பகுதி இது. எங்களுக்கு ஆவணத்திலேயே முக்கியமான பகுதி இதுதான், ஏனென்றால் இந்தப் புகார்கள் பின்னால் விதிகளாக மாறின. நீதிபதிகளின் பதவிக்காலமும் சம்பளமும் மன்னரின் விருப்பத்தைப் பொறுத்திருந்தன என்பது ஒரு புகார். அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு, மத்திய நீதிபதிகள் நன்னடத்தையோடு இருக்கும்வரை பதவியில் நீடிப்பார்கள், அந்தக் காலத்தில் அவர்கள் சம்பளத்தைக் குறைக்க முடியாது என்று சொல்கிறது. படைகளை மக்கள் மத்தியில் தங்கவைத்தார் என்பது இன்னொரு புகார். அமைதிக்காலத்தில் உரிமையாளரின் சம்மதமில்லாமல் எந்த வீட்டிலும் சிப்பாய்களைத் தங்கவைக்கக் கூடாது என்ற மூன்றாவது திருத்தம் அங்கிருந்து வருகிறது. நடுவர் குழு விசாரணை மறுக்கப்பட்டது என்ற புகாருக்கு ஆறாவது, ஏழாவது திருத்தங்கள் பதில்.

13 மாநிலங்களின் கூட்டு

அமெரிக்காவின் முதல் அரசியலமைப்பு 1787-ல் எழுதியது அல்ல. 1777 நவம்பரில் காங்கிரஸ் நிறைவேற்றி, கடைசி மாநிலமான மேரிலாந்தும் சேர்ந்தபின் 1781 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள்தான் முதலாவது. ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. போர், ஒப்பந்தம், கடன் போன்ற பெரிய விஷயங்களுக்கு 13-ல் 9 மாநிலங்களின் சம்மதம் வேண்டும். விதிகளைத் திருத்த 13-ம் சம்மதிக்க வேண்டும். நாட்டுக்கென்று நிர்வாகத் தலைவர் இல்லை, நிரந்தர நீதித்துறை இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வரி போடும் அதிகாரம் காங்கிரஸுக்கு இல்லாதது. இத்தனை பணம் அனுப்புங்கள் என்று மாநிலங்களுக்கு எழுதலாம். அனுப்பாவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இதைச் சரிசெய்ய இரண்டு முறை முயன்றார்கள். இறக்குமதிப் பொருட்கள்மீது 5 சதவீதத் தீர்வை விதிக்கும் அதிகாரம் கேட்டு 1781-ல் ஒரு திருத்தம் அனுப்பினார்கள். மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட் மறுத்ததும் அது விழுந்தது. 1783-ல் மீண்டும் ஒரு திட்டம் போட்டார்கள். அதற்கு முட்டுக்கட்டை போட்டது நியூயார்க்; தன் துறைமுகத்தில் வரும் தீர்வை வருமானத்தை விட்டுத்தர அதற்கு மனமில்லை.

அரசு எந்த அளவுக்கு முடங்கிக் கிடந்தது என்பதற்குப் பாரிஸ் ஒப்பந்தம் ஓர் எடுத்துக்காட்டு. போரை முடித்துவைத்த இந்த ஒப்பந்தம் 1783 செப்டம்பர் 3-ல் கையெழுத்தானது. ஆறு மாதத்துக்குள் இரு நாடுகளும் ஒப்புதல் பத்திரங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். அன்னபோலிஸில் கூடிய காங்கிரஸுக்கு ஒன்பது மாநிலங்களின் பிரதிநிதிகளைச் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. சுதந்திரத்தை உறுதிசெய்யும் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தர 1784 ஜனவரி 14 வரை ஆனது.

1786-ல் மேற்கு மாசசூசெட்ஸ் விவசாயிகள் கடன் வழக்குகளும் வரிகளும் கழுத்தை நெரிக்க, நீதிமன்றங்களை மறித்து நடக்கவிடாமல் செய்தார்கள். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கைக் கைப்பற்ற முயன்றார்கள். கிடங்கு காங்கிரஸுக்குச் சொந்தமானது, ஆனால் அதைக் காக்க காங்கிரஸிடம் படையில்லை. மாநிலப் படை கலகத்தை அடக்கியது. அதற்குப் பணம் கொடுத்தவர்களில் பாஸ்டன் வணிகர்களும் இருந்தார்கள்.

பூட்டிய அறையில் ஒரு கோடைகாலம்

1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை பிலடெல்பியாவில் மாநாடு நடந்தது. 55 பிரதிநிதிகள் வந்தார்கள், 39 பேர் கையெழுத்திட்டார்கள், ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. கூட்டமைப்பு விதிகளைத் திருத்துவதற்கு மட்டும் என்றே காங்கிரஸ் இதைக் கூட்டியது. கூடியவர்கள் பழைய விதிகளை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது; கடைசியில் தேவைப்படும்.

மாநாட்டை உடைக்கப் பார்த்த கேள்வி, மாநிலங்களுக்கு எத்தனை இடம் என்பது. மக்கள்தொகைப்படி என்றது வர்ஜீனியாவின் திட்டம். எல்லாருக்கும் சமம் என்றது நியூஜெர்சியின் திட்டம். ஜூலை 16-ல் 5 மாநிலங்களுக்கு 4 என்ற கணக்கில், மாசசூசெட்ஸ் இரண்டாகப் பிளந்து நிற்க, சமரசம் நிறைவேறியது: பிரதிநிதிகள் சபையில் மக்கள்தொகைப்படி, செனட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு. தூய கொள்கை எதுவும் இந்த ஏற்பாட்டில் இல்லை, ஒற்றை வாக்கில் தேறிய பேரம் அது. 2020 கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவில் சுமார் 3.95 கோடிப் பேர், வயோமிங்கில் சுமார் 5.77 லட்சம் பேர். இரண்டுக்கும் செனட்டில் இரண்டிரண்டு இடங்கள்தான்.

இன்னொரு பேரம் மனிதர்களை வைத்து நடந்தது. மூல ஆவணத்தில் அடிமை என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டார்கள், அடிமைமுறையோ மூன்று இடங்களில் காப்பாற்றப்பட்டது. அடிமைகள் ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கிட்டு அந்த மாநிலங்களுக்குக் கூடுதல் இடம் தரப்பட்டது. அடிமை இறக்குமதியை 1808 வரை காங்கிரஸ் தடைசெய்யக் கூடாது என்றானது. தப்பி ஓடியவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றானது. வாக்குரிமையே இல்லாத மனிதர்களின் தலைக்கணக்கு அவர்களைச் சொத்தாக வைத்திருந்தவர்களின் வாக்கு பலத்தைக் கூட்டியது. அதிபர் தேர்தலில் ஒரு மாநிலத்துக்குக் கிடைக்கும் வாக்காளர் குழு எண்ணிக்கையும் பிரதிநிதிகள் சபை இடங்களைச் சார்ந்தது என்பதால், அந்தக் கணக்கு அதிபர் பதவிவரை பாய்ந்தது. இதை மழுப்பிவிட்டு 1787-ஐப் பாராட்டுவது நேர்மையாகாது.

பணம், வீட்டோ, பூட்டுகள்

அரசியலமைப்பின் முதல் பிரிவு எட்டாம் உட்பிரிவு காங்கிரஸின் அதிகாரங்களைப் பட்டியலிடுகிறது. பட்டியலில் முதலில் வருவது வரி போடும் அதிகாரம். சம்பளம் கேட்டுச் சூழ்ந்த சிப்பாய்களுக்கு அன்று சொல்ல முடியாத பதில் இது. அதற்கு எதிர்ப்பூட்டு ஒன்பதாம் உட்பிரிவில் இருக்கிறது: சட்டத்தின்படி ஒதுக்கீடு செய்யாமல் கருவூலத்திலிருந்து ஒரு டாலரும் எடுக்க முடியாது. அக்டோபர் 1-ல் நிதியாண்டு தொடங்குமுன் ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேறாவிட்டால் அரசு அலுவலகங்கள் மூடப்படுவதற்கு மூலம் இதுதான். 2018 டிசம்பர் கடைசியில் தொடங்கிய முடக்கம் 35 நாள் நீடித்தது.

ஒரு மசோதா இரு அவைகளிலும் ஒரே வாசகத்தில் நிறைவேறி அதிபரிடம் போகிறது. ஞாயிறு நீங்கலாக 10 நாட்கள் அவருக்கு அவகாசம். கையெழுத்திட்டால் சட்டம். காரணம் எழுதித் திருப்பி அனுப்பினால் அது வீட்டோ; இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடுதான் அதைத் தாண்ட முடியும். ஒன்றுமே செய்யாமல் வைத்திருந்தாலும் 10 நாள் கழித்துச் சட்டமாகிவிடும். அதற்குள் காங்கிரஸ் கலைந்து போயிருந்தால் மட்டும் மசோதா செத்துவிடும். செனட்டில் 60 வாக்கு வேண்டும் என்று செய்திகளில் அடிக்கடி வருவது அரசியலமைப்பில் எங்கும் இல்லை. விவாதத்தை முடிப்பதற்குச் செனட் தனக்குத்தானே போட்டுக்கொண்ட நடைமுறை விதி அது, செனட்டே மாற்றிக்கொள்ளலாம்.

மாநிலங்களின் நிலையை இந்தியாவோடு ஒப்பிட்டால் நமக்குச் சட்டென்று விளங்கும். இந்திய அரசியலமைப்பின் 3-வது பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தாலேயே ஒரு மாநிலத்தைப் பிரிக்கலாம்; மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. அமெரிக்காவில் சட்டமன்றம் சம்மதிக்காமல் அந்த மாநிலத்தின் எல்லையில் கைவைத்துப் புதிய மாநிலம் உருவாக்க முடியாது. அங்கே ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பும் தனிக் குற்றவியல் சட்டமும் உண்டு. பட்டியலில் இல்லாத எஞ்சிய அதிகாரம் இந்தியாவில் மத்திய அரசுக்கு. அமெரிக்காவில் 10-வது திருத்தத்தின்படி மாநிலங்களுக்கும் மக்களுக்கும்.

ஏட்டில் இப்படி இருந்தாலும் எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்தை முறைப்படுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டு. விளைச்சலைக் கட்டுப்படுத்தும் மத்திய சட்டத்தின்படி, ஒஹாயோ விவசாயி ராஸ்கோ ஃபில்பர்னுக்குக் கோதுமை விதைக்க 11.1 ஏக்கர் ஒதுக்கியிருந்தார்கள். அவர் 23 ஏக்கரில் விதைத்தார். கூடுதல் கோதுமை என் பண்ணைக்கே, விற்பதற்கல்ல என்றார். உச்ச நீதிமன்றம் 1942-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: அவரைப் போல எல்லாரும் சொந்தமாக விளைத்துக்கொண்டால் நாட்டின் கோதுமைச் சந்தையே பாதிக்கப்படும் என்பது காரணம். வேலிக்குள் விளைந்து வேலிக்குள் தின்று தீர்க்கும் தானியம்கூட மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்தின் கீழ் வந்தது. இந்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு என்று அதே நீதிமன்றம் 1995-ல்தான், பள்ளிக்கூடம் அருகே துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்த மத்திய சட்டத்தை ரத்துசெய்து, சொல்லியது.

உரிமைகள் யாரைக் கட்டுப்படுத்தின

புதிய சட்டம் நடைமுறைக்கு வர 9 மாநிலங்களின் ஒப்புதல் போதும் என்று மாநாடு எழுதிவைத்தது. ஒருவர் மறுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்ற பழைய பொறியிலிருந்து தப்பும் வழி அது. 1788 ஜூன் 21-ல் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. போட்டி கடுமையாகவே இருந்தது: மாசசூசெட்ஸில் 187-க்கு 168, வர்ஜீனியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27. ரோட் ஐலண்ட் 1790 மேயில்தான், 34-க்கு 32 என்ற கணக்கில் வந்தது. எதிர்த்தவர்களின் முக்கியமான குறை, உரிமைப் பட்டியல் இல்லை என்பது. சேர்க்கிறோம் என்ற வாக்குறுதி கிடைத்த பிறகே சில மாநிலங்கள் இறங்கி வந்தன. 1789 செப்டம்பரில் காங்கிரஸ் 12 திருத்தங்களை அனுப்பியது. அவற்றில் 10-க்கு 1791 டிசம்பர் 15-க்குள் ஒப்புதல் கிடைத்தது.

இந்தப் பத்தும் கட்டுப்படுத்தியது மத்திய அரசை மட்டும். பால்டிமோர் நகராட்சியின் தெருப் பணிகளால் மண் அடித்துவந்து ஜான் பேரனின் படகுத்துறை தூர்ந்துபோனது. பொதுத் தேவைக்குச் சொத்தை எடுத்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்ற ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி அவர் வழக்குப் போட்டார். அது மத்திய அரசுக்குத்தான், மாநிலத்துக்கும் அதன் நகராட்சிக்கும் பொருந்தாது என்று 1833-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, முறையான சட்ட நடைமுறை இல்லாமல் எந்த மாநிலமும் யாருடைய உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கக் கூடாது என்று 14-வது திருத்தம் சொன்னது. அந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றங்கள் உரிமைகளை ஒவ்வொன்றாக மாநிலங்கள்மீதும் பொருத்தின. பேச்சுரிமை 1925-ல் வந்தது. வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் 1963-ல். அளவுக்கு மீறிய அபராதத்துக்கு எதிரான பாதுகாப்பு 2019-ல்தான்; இண்டியானாவில் அதிகபட்ச அபராதம் 10,000 டாலரே உள்ள குற்றத்துக்காகச் சுமார் 42,000 டாலர் காரைப் பறிமுதல் செய்யப்போன வழக்கு அது. ஒரே சட்டப் புத்தகத்தில் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும் உரிமைகள் மாநில அரசுக்கு எதிராக உயிர்பெற்ற ஆண்டுகள் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன.

இன்றும் நீடிக்கும் ஒரு தவறான புரிதலையும் இங்கே சொல்ல வேண்டும். முதல் திருத்தம் அரசைத்தான் தடுக்கிறது. ஒரு தனியார் நிறுவனம் தன் தளத்தில் ஒருவரின் பதிவை நீக்கினால், அது முதல் திருத்த மீறல் ஆகாது.

சட்டங்களை ரத்துசெய்யும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு எழுத்தில் தரப்படவில்லை. 1801 மார்ச்சில் பதவி விட்டுப்போகும் தறுவாயில் அதிபர் ஜான் ஆடம்ஸ் பல நியமன ஆணைகளில் கையெழுத்திட்டார். முத்திரையிட்டு அனுப்ப வேண்டிய வெளியுறவுச் செயலர் ஜான் மார்ஷல். சில ஆணைகள் போய்ச் சேரவில்லை. புதிய அதிபர் ஜெபர்சன் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றார். ஆணை கிடைக்காத வில்லியம் மார்பரி நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1803-ல் வழக்கைத் தீர்த்த தலைமை நீதிபதி அதே ஜான் மார்ஷல். மார்பரிக்குப் பதவி பெறும் உரிமை உண்டு, ஆனால் இந்த வழக்கை நேரடியாக இங்கே தொடுக்க அனுமதிக்கும் 1789-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது, எனவே செல்லாது என்றார். உத்தரவு போடாததால் ஜெபர்சன் மீறுவதற்கும் எதுவுமில்லை. மார்பரிக்கு வேலை கிடைக்கவில்லை. நீதிமன்றத்துக்கோ சட்டங்களைச் சோதிக்கும் அதிகாரம் கிடைத்தது. அடுத்த மத்திய சட்டம் ஒன்று செல்லாது என்று அறிவிக்கப்பட்டது 1857-ல், ட்ரெட் ஸ்காட் வழக்கில். கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்று சொன்ன அந்தத் தீர்ப்பைத் துடைத்தெறிய ஒரு போரும் 14-வது திருத்தமும் தேவைப்பட்டன.

திருத்துவது எப்படி

ஐந்தாம் பிரிவின் வழி இரண்டு கட்டம். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு முன்மொழிய வேண்டும். பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், இன்றைய கணக்கில் 38, ஒப்புதல் தர வேண்டும். அதிபரின் கையெழுத்துக்கு இதில் இடமே இல்லை. 13 மாநிலங்கள் சும்மா இருந்தாலே திருத்தம் நின்றுவிடும். இதுவரை காங்கிரஸ் அனுப்பியவை 33, தேறியவை 27. இந்தியாவில் 1950 முதல் 2023 வரை 106 திருத்தங்கள் ஆகிவிட்டன. 18 வயதுக்கு வாக்குரிமை தந்த 26-வது திருத்தம் 1971 மார்ச்சில் அனுப்பப்பட்டு ஜூலை 1-க்குள் தேறியது. ஆண் பெண் சம உரிமைத் திருத்தம் 1972-ல் கிளம்பி, அவகாசம் 1982 வரை நீட்டிக்கப்பட்டும் அதற்குள் 35 மாநிலங்களைத் தாண்டவில்லை.

கெடு வைக்கும் பழக்கம் 18-வது திருத்தத்தில்தான் தொடங்கியது. 1789-ல் அனுப்பிய 12-ல் தேறாமல் நின்ற இரண்டுக்கும் கெடு இல்லை. உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 1982-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரிகரி வாட்சன், அது இன்னும் உயிரோடிருக்கிறது என்று கட்டுரை எழுதினார். கிடைத்த மதிப்பெண் சி. அவர் மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். 1983-ல் மெய்ன், 1984-ல் கொலராடோ என்று ஒப்புதல்கள் வந்தன. 1992 மேயில், முன்மொழிந்து 202 ஆண்டுகள் கழித்து, அது 27-வது திருத்தமானது. 2017-ல் பல்கலைக்கழகம் அவர் மதிப்பெண்ணை ஏ என்று மாற்றியது.

முன்மொழிய இன்னொரு வழியும் ஐந்தாம் பிரிவில் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள், இன்று 34, கேட்டுக்கொண்டால் காங்கிரஸ் ஒரு மாநாட்டைக் கூட்டியாக வேண்டும். அந்த மாநாட்டில் மாநிலத்துக்கு ஒரு வாக்கா, மக்கள்தொகைப்படியா, ஒரே பொருளோடு அதை நிறுத்த முடியுமா என்று எதுவும் எழுதப்படவில்லை. சமச்சீர் பட்ஜெட் போன்ற கோரிக்கைகளுக்காகப் பல மாநிலங்கள் விண்ணப்பம் நிறைவேற்றியிருக்கின்றன. திருத்த மட்டுமே கூடிய 1787 மாநாடு என்ன செய்தது என்பதைச் சுட்டிக்காட்டி, சில மாநிலங்கள் தங்கள் பழைய விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றிருக்கின்றன. இந்த வழியில் ஒரு மாநாடுகூட இதுவரை கூடியதில்லை.